வாசகர் கேள்வி – பதில்: போர்வெல் தண்ணீரும் இரண்டடித் தொட்டியும்

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்கு இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட மீன்தொட்டி வாங்கினோம். அன்றைக்கே பத்து நியான் டெட்ரா, இரண்டு கோல்டு ஃபிஷ், ஒரு சக்கர் மீன் ஆகியவற்றை விட்டோம். மூன்றாம் நாள் தண்ணீர் பால்போலக் கலங்கியதால், முழுவதையும் கொட்டிவிட்டு, கல், ஃபில்டர் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவினோம். வாரம் முடிவதற்குள் டெட்ரா அத்தனையும் இறந்துவிட்டன. கோல்டு ஃபிஷ் மேல்மட்டத்தில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. எங்களுக்குப் போர்வெல் தண்ணீர்தான். அடுத்து எந்த மீன் வாங்கலாம்?
– ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: மீன் கடைக்குப் போவதற்கு முன், உங்கள் அடுக்களையில் வெந்நீர் காய்ச்சும் பாத்திரத்தின் உட்புறத்தைப் பாருங்கள். அடியில் வெள்ளையாகப் படிந்து, நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாகப் பெயர்ந்து வந்தால், உங்களுடையது கடினநீர், அதாவது சுண்ணாம்பு போன்ற உப்புகள் மிகுந்த தண்ணீர். பாலக்காட்டின் கிழக்கு ஓரம் மழை குறைந்த பகுதி என்பதால், அங்கே போர்வெல்லில் இத்தகைய தண்ணீர் கிடைப்பது வழக்கமே. நியான் டெட்ராவோ அமேசான் படுகையின் மென்மையான (உப்புகள் குறைந்த), சற்றே அமிலத்தன்மை உள்ள ஓடைகளுக்கு உரியது. அதற்கு உங்கள் தண்ணீர் ஏற்றதன்று.

ஆனால் ஒரே வாரத்தில் பத்து மீன்களும் இறந்ததற்குக் கடினநீரை மட்டும் குறை சொல்ல முடியாது. பெரும்பாலும் காரணம் அம்மோனியாவாகத்தான் இருக்கும். மீன்களின் செவுள்களிலிருந்தும் கழிவிலிருந்தும், தின்னாமல் அடியில் கிடந்து அழுகும் தீனியிலிருந்தும் அம்மோனியா தண்ணீரில் சேருகிறது. அதை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் சரளைக்கல்லிலும் குடியேறிப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். நீங்கள் முதல் நாளே பதின்மூன்று மீன்களை விட்டதோடு, மெல்லத் தொடங்கியிருந்த அந்தக் குடியேற்றத்தையும் தேய்த்துக் கழுவிவிட்டீர்கள். மூன்றாம் நாள் கண்ட பால் நிறம் புதுத்தொட்டிகளில் வேறுவகை நுண்ணுயிர்கள் திடீரெனப் பெருகுவதால் வருவது. விட்டிருந்தால் சில நாட்களில் தானாகத் தெளிந்திருக்கும். நானும் என் முதல் தொட்டியின் ஸ்பாஞ்சைச் சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காய வைத்தவன் என்பதால், உங்களைக் கடிந்துகொள்ளும் தகுதி எனக்கு இல்லை.

போர்வெல் தண்ணீரில் இன்னொரு சங்கடமும் உண்டு. கடினநீர் பெரும்பாலும் காரத்தன்மை உடையது. அமில, காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7 ஆக (நடுநிலையாக) இருக்கும்போது, தண்ணீரில் உள்ள அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நச்சு வடிவில் இருக்கும்; அதே அளவு 8 ஆனால் அந்தப் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிவிடும். வெப்பம் கூடினால் இன்னும் கூடும். ஆகவே, மென்மையான தண்ணீர் உள்ள ஊரில் மீன்கள் தாங்கிக்கொள்ளும் தவறு உங்கள் ஊரில் உயிரை வாங்கிவிடுகிறது.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். முந்தைய நாள் இரவே வாளியில் பிடித்து, ஏர் பம்ப் குழாயைப் போட்டுக் காற்றேற்றிய தண்ணீரைக் கொண்டு, தினமும் கால் பங்கு மட்டும் மாற்றுங்கள். நிலத்தடியிலிருந்து அப்போதுதான் வந்த தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் குறைவாக இருக்கும். தீனியை ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவுக்கே போடுங்கள். ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்தால் போதும். கோல்டு ஃபிஷ் ஒரு சாணுக்குக் குறையாமல் வளரக்கூடியது, கழிவும் அதிகம். உங்கள் தொட்டி கொள்வது சுமார் 56 லிட்டர். கல்லையும் மேலே விடும் இடைவெளியையும் கழித்தால் 45 லிட்டர்தான். இரண்டு கோல்டு ஃபிஷையும் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது.

அந்த நுண்ணுயிர்கள் குடியேறித் தொட்டி நிலைப்பட்ட பிறகு பிளாட்டி, மோலி, கப்பி ஆகியவற்றில் ஏதேனும் ஓரினத்தைத் தேர்ந்தெடுங்கள். இவை கடினநீரில் நன்றாக வாழ்பவை; மோலிக்கு அதுவே விருப்பமும்கூட. ஓர் ஆணுக்கு இரண்டு பெண் என்ற கணக்கில் முதலில் மூன்று, இரண்டு வாரம் கழித்து இன்னும் மூன்று என்று விடுங்கள். இவை குட்டி போடும் இனங்கள். மாதம் ஒருமுறை பொடி மீன்கள் கூட்டமாக வரும் என்பதை மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சித்திரை, வைகாசியில் தொட்டியை ஜன்னலோரம் வைக்காதீர்கள். சூடேறிய தண்ணீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால், மின்சாரம் போகும் இரவுகளுக்குப் பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும். உங்கள் ஊருக்கு ஹீட்டர் தேவையில்லை.

கேள்வி: எங்களுக்கு மலை ஓடைத் தண்ணீர், பாத்திரத்தில் படிவே வராது. இரண்டடித் தொட்டியில் மிஸ் கேரளா மீன் வளர்க்கலாமா?
– ஒரு வாசகர், ஆரியங்காவு

பதில்: தண்ணீர் பொருந்தும், தொட்டி பொருந்தாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகளில் மட்டுமே இயற்கையாக வாழும் மீன் அது. உங்களுக்கு அருகிலுள்ள அச்சன்கோவில் ஆறும் அவற்றுள் ஒன்று. ஏறத்தாழ 15 செ.மீ. வளரும், கூட்டமாகவே வாழும், ஓட்டமும் ஆக்சிஜனும் மிகுந்த தண்ணீர் கேட்கும். நான்கடிக்குக் குறைந்த தொட்டியில் அடைப்பது பாவம். அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டிருப்பதால், ஆற்றில் பிடித்ததை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கொழிஞ்சாம்பாறை வாசகிக்கு வேண்டாம் என்ற நியான் டெட்ரா, தொட்டி நிலைப்பட்ட பின் உங்கள் தண்ணீரில் நன்றாகவே வாழும். எட்டுக்குக் குறையாமல் விடுங்கள். முதலில் வரி டேனியோ மீன்கள் ஆறு விடலாம். ஆனால் துள்ளி வெளியே விழும், மூடி அவசியம்.

கேள்வி: பாசியைத் தின்னும் என்று வாங்கிய சக்கர் மீன் முக்கால் அடி ஆகிவிட்டது. அருகிலுள்ள கால்வாயில் விட்டுவிடலாமா?
– ஒரு வாசகர், வேலந்தாவளம்

பதில்: கூடவே கூடாது. 2018 வெள்ளத்திற்குப் பிறகு கேரள ஆறுகளில் வலைகளில் சிக்கிய அரபைமா போன்ற அயல் மீன்கள், வளர்ப்பு இடங்களிலிருந்து தப்பியவைதான். சக்கர் மீனும் நம் நீர்நிலைகளில் பெருகி உள்ளூர் மீன்களின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. அதன் முள் செதில் வலைகளையும் கிழிக்கிறது. பெரிய தொட்டி வைத்திருக்கும் கடைக்காரரிடம் இலவசமாகக் கொடுங்கள். அதுவரை தீனி கொடுக்க மறக்காதீர்கள். அந்த அளவு மீனுக்குத் தொட்டியில் படியும் பாசி மட்டும் போதாது, வேகவைத்த வெள்ளரித் துண்டை இரவில் போட்டுக் காலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.