பிரசவமாகி ஆறு வாரம், குழந்தைமேல ஒட்டுதல் வரலை – உங்க கேள்விக்கு

சகோ, குழந்தையைத் தூக்கினா ஒண்ணுமே தோணலைன்னு உங்க மனைவி தினமும் அழறதா எழுதியிருக்கீங்க. போகப் போகச் சரியாயிடும்னு அம்மா சொல்றாங்கன்னு காத்திருக்காதீங்க. ரெண்டு வாரத்தைத் தாண்டியும் அழுகை நீடிச்சா பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வா இருக்கலாம். பாசக்குறை இல்லைங்க, குணமாகிற நோய். அரசோட மனநல உதவி எண்ணான 14416 டெலிமானஸ்ல எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. டாக்டர்கிட்ட பால் கொடுக்கிறதை முதல்லயே சொல்லுங்க. அதுக்கேத்த மாத்திரை இருக்கு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில தாயையும் சேயையும் பிரிக்காம வைத்தியம் பார்க்கிற தனி வார்டே இருக்கு.

குழந்தை முகத்தைத் திருப்பினா 'என்னைப் பிடிக்கலை'ன்னு உங்க மனைவிக்குத் தோணும். அது குழந்தையோட களைப்பு. கொஞ்சம் பொறுத்தா அதுவே திரும்பிப் பார்க்கும். அப்படித் திரும்பிப் பார்க்கிறதைப் பக்கத்துல உட்கார்ந்து அவங்களுக்குக் காட்டுங்க.

சாகணும்னோ, குழந்தையை ஏதாவது செஞ்சிடுவேன்னோ சொன்னா, தனியா விடாம உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.