ஒவ்வொரு துடிப்பின்போதும் இதயம் இரத்தத்தை எப்படி வெளியேற்றுகிறது? நான்கு அறைகளும் ஒன்றாகச் சுருங்குமா?

நான்கும் ஒன்றாகச் சுருங்குவதில்லை. மேலறைகளான இரண்டு ஆரிக்கிள்களும் முதலில் ஒருசேரச் சுருங்குகின்றன. அதற்கடுத்தே கீழறைகளான இரண்டு வெண்ட்ரிக்கிள்களும் ஒருசேரச் சுருங்குகின்றன. கேட்டதற்கு விடை இவ்வளவுதான் என்றாலும், சில ஆண்டுகளுக்கு முன் என் தந்தைக்கு எக்கோ பரிசோதனை செய்த மருத்துவர், "இதயம் நன்றாகத்தான் சுருங்குகிறது, விரிவதில்தான் சிக்கல்" என்று சொன்னது நினைவுக்கு வருவதால், இன்னும் சற்று விரிவாக எழுதுகிறேன். இதயம் என்றால் அழுத்தித் தள்ளும் ஓர் உறுப்பு என்று மட்டுமே அறிந்திருந்த எனக்கு அன்று அவர் சொன்னது விளங்கவில்லை. பின்னர் படித்துத் தெரிந்துகொண்டபோது, துடிப்பை விரிதலிலிருந்து தொடங்கி விளக்குவதே சரி என்று தோன்றியது.

நிமிடத்திற்கு 75 முறை துடிக்கும் இதயத்தில் ஒரு துடிப்புக்கு 0.8 நொடி ஆகிறது. அதில் வெண்ட்ரிக்கிள்கள் சுருங்கியிருப்பது ஏறத்தாழ 0.3 நொடி; மீதி 0.5 நொடியும் அவை தளர்ந்து நிரம்பும் நேரம். அப்போது ஆரிக்கிள்களுக்கும் வெண்ட்ரிக்கிள்களுக்கும் இடையிலுள்ள மூவிதழ், ஈரிதழ் வால்வுகள் திறந்தே இருப்பதால், சிரைகளின் வழியே வந்து சேரும் இரத்தம் மேலறையில் தங்காமல் நேரே கீழறைக்குள் இறங்கிவிடுகிறது. இதைத் தானாக நடக்கும் வழிதல் என்று எண்ணிவிடக் கூடாது. வெண்ட்ரிக்கிளின் தசைநார்கள் திருகுபோலச் சுற்றி அமைந்திருப்பதால், அது சுருங்கும்போது ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கிக்கொள்கிறது. தளரும்போது அந்த முறுக்கு சட்டென்று அவிழ்ந்து, உள்ளே அழுத்தம் வெகுவாகக் குறைந்து, மேலிருக்கும் இரத்தத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ஓய்வில் இருக்கும் ஒருவருக்கு வெண்ட்ரிக்கிள் நிரம்புவதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இவ்வாறே முடிந்துவிடுகிறது. ஆரிக்கிளின் சுருக்கம் சேர்ப்பது கடைசி ஒரு பங்கை மட்டுமே.

அந்தச் சுருக்கத்தைத் தொடங்கி வைப்பது வலது ஆரிக்கிளின் மேற்புறச் சுவரில் உள்ள சைனோ ஆரிக்குலார் கணு. அங்கே பிறக்கும் மின்தூண்டல் இரு ஆரிக்கிள்களிலும் பரவிய பிறகு, அவற்றுக்குக் கீழே உள்ள மற்றொரு கணுவில் ஏறத்தாழ 0.1 நொடி தாமதப்படுகிறது. ஆரிக்கிள்கள் தம்மிடமுள்ளதைக் கொடுத்து முடிக்கும் முன் வெண்ட்ரிக்கிள்கள் சுருங்கிவிடாமல் காப்பது இந்தச் சிறு தாமதம்தான். பின்னர் அத்தூண்டல், மின்தூண்டலைக் கடத்தும் தனித் தசையிழைகளான ஹிஸ் கற்றை, பர்கின்ஜி இழைகள் வழியாக விரைந்து இறங்குவதால், சுருக்கம் இதயத்தின் கீழ்முனைப் பக்கம் தொடங்கி மேல்நோக்கிச் செல்கிறது. இரத்தம் வெளியேறும் வாயில்கள் மேற்புறத்தில் இருப்பதால் அதுவே பொருத்தமான திசை.

வால்வுகளைத் திறந்து மூடுவது தசைகள் அல்ல, இரு பக்கத்து அழுத்த வேறுபாடு மட்டுமே. வெண்ட்ரிக்கிள் இறுகத் தொடங்கியதும் உள்ளே உயரும் அழுத்தம் மூவிதழ், ஈரிதழ் வால்வுகளை மூடுகிறது. அப்போது எழுவதே "லப்" ஒலி. அவ்விதழ்களில் கட்டியுள்ள நாண்களும் அவற்றைப் பிடித்திருக்கும் சிறு தசைகளும் வால்வை இழுத்து மூடுவதில்லை. காற்றில் குடை மறுபுறம் மடங்குவதுபோல இதழ்கள் ஆரிக்கிளுக்குள் பிதுங்கிவிடாமல் தடுக்கின்றன. அடுத்து ஏறத்தாழ 0.05 நொடிக்கு நான்கு வால்வுகளும் மூடியே இருக்க, ஒரு துளியும் நகராமல் அழுத்தம் மட்டும் ஏறுகிறது. இடப்பக்கத்தில் அது பெருந்தமனியில் நிலவும் சுமார் 80 மி.மீ. பாதரச அளவைக் கடந்ததும் வெளிவாயில் திறந்து, 120 மி.லி. அளவுக்கு நிரம்பியிருந்த வெண்ட்ரிக்கிளிலிருந்து சுமார் 70 மி.லி. பீறிட்டு வெளியேறுகிறது. மீதி உள்ளேயே இருக்கும்; இதயம் எப்போதும் முழுவதும் காலியாவதில்லை. வலப்பக்கமும் அதே அளவைத்தான் வெளியேற்றுகிறது, ஆனால் அருகிலுள்ள நுரையீரலுக்கு அனுப்ப 25 மி.மீ. அழுத்தமே போதும். இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் வலதைவிட ஏறத்தாழ மும்மடங்கு தடித்திருப்பதன் காரணம் இதுவே. சுருக்கம் தணிந்ததும் தமனிகளில் உள்ள இரத்தம் பின்னோக்கித் திரும்ப முயன்று, வெளிவாயில்களில் உள்ள அரைச்சந்திர வால்வுகளை மூடுவதால் எழுவது "டப்".

தளரும் நேரத்தில் இன்னொரு காரியமும் நடக்கிறது. இறுகிய தசை தனக்குள்ளே ஓடும் இரத்தக் குழாய்களையே நசுக்கிவிடுவதால், இடது வெண்ட்ரிக்கிளின் தசை தனக்கு வேண்டிய இரத்தத்தின் பெரும்பகுதியை விரியும்போதுதான் பெறுகிறது. விரிந்து நின்ற பெருந்தமனி மீண்டும் சுருங்கி, அந்த நேரத்திலும் இரத்தத்தை முன்தள்ளிக் கொடுக்கிறது.

எனக்கு மிகுந்த வியப்பளித்தது இரு பக்கங்களுக்கும் இடையிலான சமநிலை. வலது வெண்ட்ரிக்கிள் துடிப்புக்கு 1 மி.லி. மட்டும் கூடுதலாக அனுப்பிக்கொண்டே இருந்தால், பத்தே நிமிடங்களில் 750 மி.லி. இரத்தம் நுரையீரலில் தேங்கிவிடும். அவ்வாறு நேராததற்குக் காரணம், அதிகமாக நிரம்பி நீட்டப்பட்ட இதயத் தசை அடுத்த துடிப்பில் அதற்கேற்ப வலுவாகச் சுருங்குகிறது என்பதே. உடலியங்கியல் அறிஞர்களான ஓட்டோ ஃபிராங்க், எர்னஸ்ட் ஸ்டார்லிங் ஆகிய இருவரின் பெயரால் இவ்விதி வழங்குகிறது. அதாவது, எவ்வளவு வெளியேறும் என்பதை முதலில் முடிவு செய்வது எவ்வளவு நிரம்பியது என்பதுதான்.

இதன் பிறகுதான் என் தந்தையின் நிலை எனக்கு விளங்கியது. அவருடைய வெண்ட்ரிக்கிளின் சுவர் விறைத்துப் போயிருந்தது. உட்கார்ந்திருக்கும்போது நிரம்புவதற்குப் போதிய நேரம் கிடைத்ததால் அவருக்கு எந்தத் தொல்லையும் தெரியவில்லை. படியேறும்போது துடிப்பு 120ஐத் தொட்டால், ஒரு துடிப்புக்குக் கிடைப்பது அரை நொடி. அதில் பெரிதும் குறைவது நிரம்பும் நேரமே. விறைத்த அறைக்குள் இரத்தம் அவசரமாக நுழைய வேண்டியிருப்பதால் இடது ஆரிக்கிளில் அழுத்தம் ஏறி, அதற்கும் பின்னால் நுரையீரல் வரை எட்டுகிறது. பாதிப் படியில் நின்று அவர் மூச்சு வாங்கியது அதனால்தான்.