காரணம் யாருடையது?

கேள்வி: வயது 46. மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 6.2 சதவீதம் வந்திருக்கிறது. "நீரிழிவின் எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள், நடங்கள், எடையைக் குறையுங்கள்" என்கிறார் டாக்டர். மனைவியும் மகளும் அதையேதான் சொல்கிறார்கள். ஜிம்முக்கு ஒரு வருஷப் பணம் கட்டி மூன்று வாரம் போனேன். சில்வர் பீச்சில் நடந்தேன். கெண்டைக்கால் வலி, அப்புறம் மழை. எடையும் இறங்கவில்லை. நிலையான மன உந்துதல் வர என்ன வழி?
— வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: டாக்டர் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள், மனைவியும் மகளும் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரி கூட இல்லை. அடுத்தவர் நச்சரிப்புக்காக நடப்பவர், நச்சரிப்பு ஓய்ந்ததும் உட்கார்ந்துவிடுவார்.

ஒரு தாளை எடுங்கள். மாற வேண்டும் என்ற எண்ணம் எவ்வளவு இருக்கிறது? 0 முதல் 10 வரை ஓர் எண் போடுங்கள். 4 என்றே வைத்துக்கொள்வோம். "ஏன் 8 இல்லை?" என்று கேட்டால் ஆபீஸ், மழை, முழங்கால் என்று சாக்குகள் வரிசை கட்டும். "ஏன் 1 ஆகக் குறையவில்லை?" என்று கேளுங்கள். அதற்கு வரும் பதில்தான் உங்கள் காரணம். பழக்கத்தை மாற்ற உதவும் ஆலோசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது. பதில் 'ஆரோக்கியம்' என்று வந்தால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். அது ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதுவது. 'திருவந்திபுரத்தில் ஔஷதகிரிப் படிகளை நடுவில் உட்காராமல் ஏறி ஹயக்ரீவரைப் பார்க்கணும்' என்பது காரணம். முடிந்ததா இல்லையா என்று மூச்சே சொல்லிவிடும்.

காரணம் கிடைத்த பிறகும் தினமும் உற்சாகம் பொங்காது. அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். நேரத்தையும் இடத்தையும் முடிச்சுப் போட்டு வையுங்கள்: இரவு சாப்பிட்டுக் கை கழுவியதும் செருப்பு, பத்து நிமிஷம் தெருவில் நடை. இரண்டு வாரம் இவ்வளவுதான். இன்னும் நடக்கலாம் போலிருந்தாலும் வீட்டுக்குத் திரும்புங்கள். மூன்றாம் வாரம் மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு பத்து, ஐந்தாம் வாரம் காலை டிபனுக்குப் பின் ஒரு பத்து. மூன்று பத்து, வாரத்தில் ஐந்து நாள்: 150 நிமிஷம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவும் அதுவே. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். சாப்பிட்டதும் நடந்தால், உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையை நடக்கும் தசைகள் இழுத்துக்கொள்ளும்.

பீச் மணலை இப்போதைக்கு விடுங்கள். கால் புதைகிற மணலில் கெண்டைக்காலும் குதிகால் தசைநாரும் கூடுதலாக உழைக்கும். பழக்கமில்லாதவருக்கு வலி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். கடலைப் பார்க்க ஆசையென்றால் பக்கத்துச் சாலையிலேயே நடக்கலாம்.

மழைதான் உங்கள் பெரிய சாக்கு. ஐப்பசி, கார்த்திகையில் கடலூரில் மழை பெய்யும் என்பது என்ன ரகசியமா? 'மழை பெய்தால் கூடத்தில் பத்து நிமிஷம் நடை, நாற்காலியில் பத்து முறை உட்கார்ந்து எழுவது' என்று இப்போதே எழுதி ஒட்டுங்கள். அன்றைக்கு யோசித்துக்கொள்ளலாம் என்றால் அன்றைக்கு பஜ்ஜிதான் நினைவுக்கு வரும்.

மூன்று வாரத்தில் நின்றதற்கு வெட்கப்பட வேண்டாம். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்பது புரளி. லண்டனில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் குலையவும் இல்லை. ஒரு நாள் விட்டால் போகட்டும்; மறுநாள் விடாதீர்கள்.

எடை இறங்கவில்லை என்ற புகாருக்கு சென்னை ஆராய்ச்சியாளர்களிடம் பதில் இருக்கிறது. உங்களைப் போல எல்லைக்கோட்டில் இருந்தவர்களை நடக்க வைத்து, உணவையும் திருத்தினார்கள். சுமார் மூன்று வருஷத்தில், சும்மா விடப்பட்டவர்களைவிட இவர்களுக்கு நீரிழிவு வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்திருந்தது. முடிவு 2006இல் வெளியானது. எடை என்னவோ குறிப்பிடும்படி இறங்கவில்லை! ஆகவே எடை மிஷின் மேல் தினமும் ஏறி மனசை உடைத்துக்கொள்ளாமல், மூன்று மாதம் கழித்து அதே ரத்தப் பரிசோதனையைச் செய்யுங்கள். அதற்கு முன் செய்தால் பழைய நாட்களின் கணக்கும் கலந்தே வரும்.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்று: டீ. நாளைக்கு நாலு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் சுமார் 40 கிராம், மாசத்துக்கு 1.2 கிலோ சர்க்கரை. (நெல்லிக்குப்பம் ஆலைக்காரர்கள் கோபிக்க வேண்டாம்.) இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை ஸ்பூன் குறையுங்கள், நாக்குக்குத் தெரியாமலே பழகிவிடும். கடையில் 'சக்கரை கம்மியா' என்றால் அது மாஸ்டர் கையைப் பொறுத்தது. 'சக்கரை இல்லாம' என்று கேட்டு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நாட்டுச் சர்க்கரைக்கு மாறிவிட்டேன் என்று மட்டும் அடுத்த கடிதத்தில் எழுதாதீர்கள். ரத்தத்துக்கு இரண்டும் சர்க்கரையே.

நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ, தாடைக்கும் இடது கைக்கும் பரவும் வலியோ வந்தால் அங்கேயே நின்று, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது மட்டும் சாக்குக் கணக்கில் சேராது.