படம் கிழிந்து ஓடினால் 3டி சிப் போய்விட்டதா?

கேள்வி: ஜப்பானிலிருந்து தரகர் ஒருவர் மூலமாக சேகாவின் ‘டேடோனா யுஎஸ்ஏ’ என்ற ஆர்கேட் (காசு போட்டு ஆடும்) கார் பந்தய விளையாட்டின் போர்டு வரவழைத்தேன். பழைய 2டி சண்டை விளையாட்டு கேபினட்டின் மானிட்டரில் இணைத்தால் படம் சாய்ந்து, கிழிந்து ஓடுகிறது. “3டி சிப் போய்விட்டது. வேறொரு மாடல் 2 போர்டு தருகிறேன், விளையாட்டு பதிந்திருக்கும் உங்கள் ரோம் போர்டை அதில் மாட்டிக்கொள்ளலாம். மேற்கொண்டு பாதி விலை கொடுங்கள்” என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு காசும் கொடுக்காதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறி சிப் கோளாறு அல்ல.

டேடோனா ஓடுவது 1993-ல் வந்த மாடல் 2 போர்டில். உங்கள் மானிட்டர் நொடிக்குச் சுமார் 15,700 கோடுகள்தான் வரையும். மாடல் 2 அனுப்புவதோ சுமார் 24,000. மானிட்டரால் ஈடுகொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். அப்படியே நெடுநேரம் ஓடவிடாதீர்கள், மானிட்டரும் கெட்டுப்போகும். 3டி போர்டு எல்லாமே இப்படித்தான் என்றும் நினைத்துவிட வேண்டாம். பிளேஸ்டேஷனை ஒட்டிச் செய்த நாம்கோ சிஸ்டம் 11 போர்டு, அதாவது முதல் ‘டெக்கன்’, உங்கள் மானிட்டரிலேயே ஓடும்.

உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. டெஸ்ட் சுவிட்சை அழுத்தி அமைப்புத் திரைக்குப் போங்கள். அங்கே வெறும் எழுத்துகள் வரும். அவற்றை வரைவது 3டி பகுதி அல்ல. 1988-ல் வந்த சிஸ்டம் 24 என்ற 2டி போர்டின் சில்லுகளை சேகா இதிலும் தனியாக வைத்தது, அந்தப் பகுதியின் வேலை அது. எழுத்தும் சேர்ந்து கிழிந்தால் 3டி சிப்பைக் குறை சொல்ல வழியே இல்லை.

3டி சிப் உண்மையிலேயே போயிருந்தால் எழுத்தும் ஸ்கோரும் பளிச்சென்று இருக்கும், காரும் சாலையும் மட்டும் காணாமல் போகும். அல்லது கூர்கூரான துண்டுகள் திரை முழுக்கச் சிதறும். அப்போதும் முதலில் 5 வோல்ட்டைப் பாருங்கள். பவர் சப்ளையின் முனையில் அளந்து பயனில்லை. போர்டு ஓடும்போதே, போர்டின் கனெக்டரில் அளக்க வேண்டும். 4.75-க்குக் கீழே இறங்கியிருந்தால் கோளாறு ஒயரிலோ சப்ளையிலோ இருக்கலாம்.

இனி அந்த “வேறொரு மாடல் 2” விஷயம். இதில் ஏமாறுகிறவர்கள் ஏராளம். மாடல் 2 என்ற ஒரே பெயரில் நான்கு வகை உண்டு: முதல் மாடல் 2, 2ஏ, 2பி, 2சி. 3டி கணக்குப் போட முதல் வகையில் இருப்பது ஃபுஜிட்சுவின் டிஜிபி சில்லு. 2பி-யில் அனலாக் டிவைசஸின் ஷார்க். 2சி-யில் மறுபடி ஃபுஜிட்சுதான், ஆனால் சில்லு வேறு. டேடோனா முதல் வகைக்காக எழுதப்பட்டது. ‘ஹவுஸ் ஆஃப் தி டெட்’ ஓடும் 2சி போர்டை உங்கள் தலையில் கட்டினால், உங்கள் ரோம் போர்டு அதில் ஓடாது. பெட்டியின் வெளித்தோற்றத்தை வைத்து ஏமாந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. இரட்டை இருக்கை கேபினட்டில் ‘மாஸ்டர்’ அல்லது ‘ஸ்லேவ்’ என்று அமைத்திருந்த போர்டு, தனியாக ஓட்டும்போது இணை போர்டைத் தேடிக்கொண்டு நெட்வொர்க் சோதனைத் திரையிலேயே நின்றுவிடும். அதைக் காட்டி “செத்த போர்டு” என்று அடிமாட்டு விலைக்குக் கேட்பவர்கள் உண்டு. டெஸ்ட் மெனுவில் ‘சிங்கிள்’ என்று மாற்றினால் போதும்.

நீங்கள் வாங்க வேண்டியது 24 கிலோஹெர்ட்ஸையும் (நொடிக்கு 24,000 கோடுகள்) ஏற்கும் ஆர்கேட் மானிட்டர். கிடைக்காவிட்டால், படத்தைக் கணினி மானிட்டருக்கு ஏற்ப மாற்றித் தரும் ஜிபிஎஸ்-8200 என்ற மலிவான மாற்றிப் பலகை. படம் ஒரு கணம் பிந்தும், கூர்மையும் கொஞ்சம் குறையும், ஆனாலும் போர்டு நலமா என்று தெரிந்துவிடும்.

ஜப்பானிய ஏலங்களில் ‘ஜங்க்’ (ஓடும் என்ற உறுதி இல்லாத பொருள்) என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டால் விற்றவரைக் கேள்வி கேட்பது கடினம். இதை ஏன் இன்னும் அனுமதிக்கிறார்களோ! தரகர்கள் அந்தச் சொல்லை மறைத்து, ‘ஓடும் நிலையில்’ என்று நம்மிடம் தள்ளிவிடுகிறார்கள். உங்களுடையது அப்படி வந்ததா என்று மூல ஏலப் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். மறுத்தால், டெஸ்ட் திரையின் வீடியோவோடு கட்டிய பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.