உள்நாட்டுப் போருக்கு முன் அமெரிக்கத் தெற்கின் பெரிய நெல் பண்ணையார்கள் எப்படி வாழ்ந்தார்கள்?

சுருக்கமாகச் சொன்னால், பயிர் வளரும் மாதங்களில் ஆள் ஊரில் இருக்க மாட்டார்.

தெற்கு கரோலினாவின் ஜார்ஜ்டவுன் பகுதியில் ப்ரூக்கிரீன் பண்ணையை வைத்திருந்தவர் ஜோஷுவா ஜான் வார்டு. 1850 கணக்கெடுப்பில் அவர் பெயரில் 1,092 அடிமைகள். இந்த மாதிரிப் பண்ணையார்கள் மே மாதத்திலேயே குடும்பத்தோடு சார்ல்ஸ்டனுக்கோ கடற்கரை வீட்டுக்கோ கிளம்பிவிடுவார்கள். மலேரியா பயம். (சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றால் வருகிறது என்று நினைத்தார்கள்.) முதல் உறைபனி விழுந்த பிறகுதான் திரும்புவது. காய்ச்சலோடு வயலில் கிடந்தவர்கள் அடிமைகள். மேலே ஒரு வெள்ளைக்காரக் கண்காணி, அவருக்குக் கீழே 'டிரைவர்' என்ற அடிமை மேஸ்திரி.

பணம் கொட்டியது தண்ணீரால். ஏரிப் பாசனம் மாதிரி இல்லை. கடலில் ஓதம் (கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவது) ஏறும்போது ஆற்று நன்னீர் பின்னுக்குத் தள்ளப்பட்டு மட்டம் உயரும். அப்போது மதகைத் திறந்தால் வயல் நிறையும், ஓதம் இறங்கும்போது வடித்துவிடலாம். மதகை 'டிரங்க்' என்பார்கள்: கரைக்கு அடியில் குறுக்கே புதைத்த நீள மரப்பெட்டி, இரண்டு முனையிலும் கதவு. வயல் கடலுக்கு ரொம்பப் பக்கம் இருந்தால் உப்பு, ரொம்பத் தள்ளி இருந்தால் ஓதம் எட்டாது. மழை பொய்த்து ஆறு மெலிந்தால் உப்பு மேலேறும். தெரியாமல் மதகைத் திறந்தால் பயிர் கருகிவிடும். அந்த முடிவை எடுத்தவர் மதகு பார்க்கும் அடிமை.

நாற்று நடவு கிடையாது, நேரடி விதைப்புதான். விதைநெல் மிதக்காமலிருக்கக் களிமண் குழம்பில் புரட்டிக் காயவைப்பார்கள். முளைக்க ஒரு தண்ணீர், களையை மூழ்கடிக்க ஒன்று, கடைசியில் கதிர்த்தாள் சாயாமல் தாங்க ஒன்று. நடுவில் தண்ணீரை வடித்துவிட்டுக் களைக்கொத்து. ஒரு ஆளுக்கு ஒரு நாள் பங்கு கால் ஏக்கர், நம் கணக்கில் 25 சென்ட். முடித்தால் மீதி நேரம் அவருடையது, முடிக்காவிட்டால் சவுக்கு.

அடிமைகள்தான் பண்ணையாரின் சொத்து, கடனுக்கு ஈடும் அவர்களே. ஜார்ஜியாவில் பட்லர் தீவுப் பண்ணையின் வாரிசு பியர்ஸ் பட்லர் சூதாட்டத்திலும் 1857 பங்குச்சந்தைச் சரிவிலும் கடனாளியானார். 1859 மார்ச் 2, 3 தேதிகளில் சவானா குதிரைப் பந்தய மைதானத்தில் அவருடைய அடிமைகள் 436 பேர் ஏலத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். வசூல் 3 லட்சம் டாலருக்கு மேல். விடைபெறும்போது பட்லர் ஆளுக்கு ஒரு டாலர் கொடுத்தார், புத்தம்புது கால் டாலர் நாணயங்களாக.