சேலஞ்ச் வீடியோவைப் பிள்ளையிடம் காட்டி எச்சரிக்கலாமா?

கேள்வி: டாக்டர், என் மகனுக்கு 13 வயது. பள்ளிப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. வேண்டுமென்றே மூச்சை நிறுத்தி மயங்கி விழும் சேலஞ்ச் ஒன்று பரவுகிறதாம். 'உங்கள் பிள்ளையிடம் காட்டி எச்சரியுங்கள், தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்புங்கள்' என்று கூடவே ஒரு குறிப்பு. காட்டினால் அவனே செய்து பார்த்துவிடுவானோ என்று பயம். காட்டாவிட்டால் எதுவும் தெரியாமல் மாட்டிக்கொள்வானோ என்றும் பயம். போனையே பிடுங்கி வைத்துவிடலாம் என்கிறார் கணவர். என்ன செய்வது?

பதில்: காட்ட வேண்டாம், யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். ஆனால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். வீடியோவைக் காட்டுவது வேறு, விஷயத்தைப் பேசுவது வேறு. முதலாவது ஆசையைக் கிளப்பலாம். இரண்டாவதை ஒழுங்காகச் செய்தால் உயிரைக் காப்பாற்றும்.

எச்சரிக்கை என்ற பெயரில் சுற்றுபவை என்ன செய்யும் என்பதற்கு மோமோவை நினைத்துப் பாருங்கள். 2019 பிப்ரவரியில், பிதுங்கிய கண்களோடு ஒரு பெண் முகம் பெற்றோர்களின் போன்களில் நாடு நாடாக வலம் வந்தது. சிறுவர் வீடியோக்களின் நடுவே தோன்றி, உன்னை நீயே காயப்படுத்திக்கொள் என்று சொல்கிறதாம். விசாரித்தால், அது ஜப்பானில் செய்த ஒரு சிலை. அதனால் யாருக்கும் ஆபத்து நேர்ந்ததாக உறுதியான ஆதாரம் இல்லை என்று பிரிட்டனின் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சமாரிட்டன்ஸும் குழந்தைகள் நல அமைப்புகளும் சொல்ல வேண்டியதாயிற்று. குழந்தைகளின் தூக்கத்தைக் கெடுத்தது அந்த முகத்தை வீட்டுக்குள் கொண்டுவந்த பெரியவர்களின் பீதிதான்.

உங்கள் குழுவில் வந்தது அந்த வகைப் புரளி அல்ல. கழுத்தையோ மூச்சையோ அடக்கி மயக்கம் வரவழைக்கும் இந்த விளையாட்டு சமூக ஊடகங்களுக்கு முன்பே இருந்தது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2008-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 1995 முதல் 2007 வரை 6 முதல் 19 வயதுக்குள் 82 பேர் இதனால் இறந்திருக்கலாம் என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். சராசரி வயது 13. பெரும்பாலும் ஆண் பிள்ளைகள். ஏறக்குறைய எல்லோருமே தனியாக இருந்தபோது இறந்தவர்கள். அப்படி ஒரு விளையாட்டு இருப்பதே அநேகப் பெற்றோருக்கு அதுவரை தெரியாது. அப்போது டிக்டாக் பிறக்கவே இல்லை. அன்று தனியறையில் நடந்ததற்குப் பார்வையாளர்கள் கிடையாது. இன்று கதவைச் சாத்திக்கொண்டாலும் கூட்டம் போன் வழியே உள்ளே வந்துவிடுகிறது. வந்தாலும், விழுந்தால் தாங்கிப் பிடிக்க அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட அறைக்குள் இல்லை.

'இவ்வளவு புத்திசாலிப் பிள்ளை இதைப் போய்ச் செய்வானா?' என்று பெற்றோர் கேட்பதுண்டு. புத்திக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. 2005-இல் கார்ட்னர், ஸ்டைன்பர்க் என்ற இரு உளவியலாளர்கள் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றை வைத்து ஆய்வு செய்தார்கள். மஞ்சள் விளக்கு எரிந்த பிறகும் எவ்வளவு தூரம் துணிந்து ஓட்டுகிறார்கள் என்று பார்ப்பதுதான் நோக்கம். தனியாக ஆடியபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகளும் பெரியவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஓட்டினார்கள். நண்பர்கள் பக்கத்தில் நின்று பார்த்தபோது பிள்ளைகளின் துணிச்சல் எகிறியது. பெரியவர்களிடம் மாற்றமே இல்லை. 2016-இல் கலிஃபோர்னியாவில் பதின்வயதுப் பிள்ளைகளை ஸ்கேனுக்குள் படுக்கவைத்துப் படங்களைக் காட்டினார்கள். எந்தப் படத்துக்கு எத்தனை லைக் என்பதை ஆய்வாளர்களே போட்டுவைத்திருந்தார்கள். லைக் அதிகமுள்ள படங்களைப் பார்த்தபோது மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய பகுதி கூடுதலாக இயங்கியது. ஆபத்தான செயல்களின் படங்களைப் பார்த்தபோது தன்னைக் கட்டுப்படுத்தும் பகுதிகளின் இயக்கம் தணிந்தது. ஆகவே 'இது ஆபத்து' என்று மட்டும் சொல்வது போதாது. அது அவனுக்கும் தெரியும். அவன் போட்டு வைத்திருக்கும் கணக்கு எங்கே தப்பு என்று காட்ட வேண்டும். நண்பர்கள் முன் மானம் போகாமல் நழுவ ஒரு வழியும் கொடுக்க வேண்டும்.

அந்தக் கணக்கு என்னவென்றால், 'தலை சுத்துறப்போ நிறுத்திக்கலாம்.' நடப்பது அதுவல்ல. மூளைக்கு ரத்தம் போவது நின்றால் சில நொடிகளிலேயே நினைவு போய்விடும். நிறுத்த வேண்டிய கை அவனுடையது. அவனுக்கே நினைவு இல்லாதபோது அது எழாது. ஆக்ஸிஜன் இல்லாமல் நான்கைந்து நிமிடம் போனாலே மூளை மீளாத சேதத்துக்கு ஆளாகலாம். 'கிக்' என்று அவர்கள் சொல்வது மூளை மூச்சுக்குத் திணறும் உணர்வுதான். மகனிடம் இதை இரண்டு வரியில் சொன்னால் போதும். எப்படிச் செய்கிறார்கள் என்ற விவரத்துக்குள் போகாதீர்கள்.

இதே தப்புக் கணக்கை மற்ற சேலஞ்சுகளிலும் பார்க்கலாம். தோலில் உப்பைப் போட்டு அதன்மேல் ஐஸ் கட்டியை அழுத்திப் பிடிப்பது ஒன்று. கொளுத்தும் வெயிலில் முழுக்கைச் சட்டையோடு ஒரு பையன் வந்தான். சட்டையைச் சுருட்டச் சொன்னால் முன்கையில் ஐஸ் கட்டியின் அதே அளவில், ஓரம் சிவந்து நடுவே வெளுத்து, கொப்புளம் கட்டிய ஒரு சதுரம். "முதல்ல வலிச்சுது சார், அப்புறம் சுத்தமா வலிக்கல, அதனால ஜெயிச்சுட்டோம்னு நெனச்சேன்" என்றான். உப்பு கலந்த ஐஸ் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி வரைகூடப் போகும். வலி நின்றது ஜெயித்ததால் அல்ல, அந்த இடத்து நரம்பு மரத்துப்போனதால். இப்படி நேர்ந்தால் உப்பைக் கழுவிவிட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள். தேய்க்காதீர்கள், சூடு காட்டாதீர்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாக்கில் வளையம் குத்தியதுபோல் காட்ட, குட்டிக் காந்த உருண்டைகளை நாக்கின் மேலும் கீழும் வைக்கும் சேலஞ்ச் 2021-இல் பரவியது. வாய்க்குள் வைத்தது தொண்டைக்குள் போக எவ்வளவு நேரமாகும்? மூன்று ஆண்டுகளில் குறைந்தது 65 பிள்ளைகள் காந்தம் விழுங்கி அவசர அறுவைச் சிகிச்சைக்கு வந்ததாக இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவை அந்த ஆண்டு மே மாதம் சொன்னது. ஒரு காந்தம் பெரும்பாலும் தானாக வெளியேறிவிடும். இரண்டு போனால் குடலின் வெவ்வேறு மடிப்புகளிலிருந்து ஒன்றையொன்று இழுத்து, நடுவில் அகப்பட்ட குடலை ஓட்டையாக்கிவிடும். முதலில் வயிற்று வலிகூட இருக்காது. அதனால் வலி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போங்கள்.

மாத்திரை சேலஞ்ச் இன்னும் மோசம், ஏனென்றால் பொருள் வீட்டிலேயே இருக்கிறது. டைஃபென்ஹைட்ரமின் என்ற சாதாரண ஒவ்வாமை மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கச் சொன்ன வீடியோக்கள் பரவியபோது, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020 செப்டம்பரில் எச்சரிக்கை விட்டது. அளவு மீறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், வலிப்பு வரும், உயிரும் போகலாம். விழுங்கிவிட்டான் என்று தெரிந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

சரி, பேச்சை எப்படி எடுப்பது? எதிரே உட்காரவைத்து விசாரணை வேண்டாம். துணி மடிக்கும்போதோ சேர்ந்து நடக்கும்போதோ, முகம் பார்க்காமல் பேசும் நேரம் நல்லது. சேலஞ்சின் பெயரைச் சொல்லாதீர்கள். அவனைப் பற்றியும் கேட்காதீர்கள், மற்றவர்களைப் பற்றிக் கேளுங்கள். "கண்ணா, ஏதோ சேலஞ்ச்னு குரூப்ல ஒரே பேச்சா இருக்கே, உங்க கிளாஸ்ல யாராவது பண்றாங்களா?" பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். இதுதான் நம்மால் முடியாத காரியம்! "அதெல்லாம் பழசும்மா" என்று அலட்சியமாக ஒரு பதில் வரலாம். அதிலேயே அவன் பார்த்திருக்கிறான் என்பது தெரிந்துவிடும். அப்போது மேலே சொன்ன இரண்டு வரியைச் சொல்லுங்கள். எல்லாச் சேலஞ்சும் முட்டாள்தனம் என்று மட்டம் தட்டாதீர்கள். தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்ட 2014-இன் சேலஞ்ச், ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய்க்காக அமெரிக்காவில் ஒரே சங்கத்துக்கு 11.5 கோடி டாலர் திரட்டித் தந்தது.

அடுத்து, "யாராவது உன்னைச் செய்யச் சொன்னா என்ன சொல்லுவ?" என்று கேளுங்கள். அவனுக்குப் பதில் வரவில்லையென்றால் பழியை உங்கள் மேல் போடச் சொல்லுங்கள்: "எங்கம்மா டெய்லி போனை செக் பண்ணுவாங்கடா, மாட்டுனா செத்தேன்." கடைசியாக ஒரு வாக்கு கொடுங்கள். எந்த இடத்தில் எது நடந்தாலும் கூப்பிடு, அன்றைக்குத் திட்ட மாட்டேன் என்று. மறுநாள் திட்டிக்கொள்ளலாம். கூட இருக்கும் பையன் மயங்கி விழுந்தால் பயந்து ஓடிவிடாமல் உடனே பெரியவர்களைக் கூப்பிட வைப்பது இந்த வாக்குதான்.

போன் விஷயத்தில் உங்கள் கணவரோடு நான் பாதிதான் உடன்படுகிறேன். பிடுங்கினால் நண்பனின் போனில் பார்ப்பான், உங்களிடம் சொல்வதை நிறுத்திவிடுவான். ஆனால் ராத்திரி படுக்கையறைக்குள் போன் வேண்டாம். இந்த விதி வீட்டில் எல்லோருக்கும் பொருந்த வேண்டும், உங்களுக்கும்தான். இப்படிப்பட்ட வீடியோ வந்தால் கடைசிவரை பார்க்காமல் 'விருப்பமில்லை' என்று அழுத்தவும், புகார் செய்யவும் அவனுக்குக் காட்டிக் கொடுங்கள். நின்று பார்ப்பதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டு அடுத்ததைத் தள்ளிவிடுவதுதான் இந்தச் செயலிகளின் வேலை. எனவே பழி முழுவதையும் பிள்ளைமேல் போடுவது நியாயமில்லை. கன்னத்தைக் கிள்ளித் தழும்பு உண்டாக்கும் சேலஞ்சைப் பிள்ளைகளிடமிருந்து சரியாகத் தடுக்கவில்லை என்று இத்தாலியின் போட்டி ஆணையம் 2024 மார்ச்சில் டிக்டாக்குக்கு 1 கோடி யூரோ அபராதம் போட்டது.

குழுவுக்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள்: 'வீடியோவை நீக்கிவிடலாம், பிள்ளைகளிடம் வாயால் பேசுவோம், பள்ளி ஆலோசகரிடம் நான் சொல்லிவிட்டேன்.' சொல்லவும் சொல்லிவிடுங்கள்.

கண்ணில் வைத்துக்கொள்ள வேண்டியவையும் உண்டு. கழுத்தில் தடம், அதை மறைக்கும் உடை, கண் வெள்ளையில் சிவப்பு, முகத்தில் பொட்டுப் பொட்டாக ரத்தப் புள்ளிகள், அடிக்கடி கடும் தலைவலி, தனியாக இருந்துவிட்டு வரும்போது ஒரு மாதிரியான குழப்பம், காரணமின்றி அறையில் கிடக்கும் பெல்ட் அல்லது கயிறு. இவற்றில் ஏதாவது தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். மயங்கி விழுந்து எழுந்தவன் 'எனக்கு ஒண்ணுமில்ல' என்றாலும் அப்படித்தான்.

நண்பர்களோடு ஒருமுறை செய்து பார்த்தவனையும், யாருக்கும் தெரியாமல் திரும்பத் திரும்பச் செய்பவனையும் நான் ஒன்றாக வைக்க மாட்டேன். முன்னவனுக்குப் பேச்சு போதும். பின்னவனிடம் "செத்துடலாம்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேட்க வேண்டும். அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காது. தனியாகச் சுமந்துகொண்டிருப்பவனுக்குச் சொல்ல ஒரு வாய்ப்பு கிடைக்கும். 'ஆமாம்' என்றாலோ, பதில் சொல்லாமல் அழுதாலோ, மனநல மருத்துவரையோ அவசர சிகிச்சைப் பிரிவையோ அன்றே அணுகுங்கள். அதுவரை யாராவது ஒருவர் அவன் பக்கத்திலேயே இருங்கள்.