பழைய வெர்ஷனைத் தூக்கிவிடலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: வெளியிட்டு முடித்த லைப்ரரியின் (பிறர் தங்கள் புரோகிராமில் சேர்த்துக்கொள்ளும் கோடு, அதாவது நிரல்) பழைய வெர்ஷனை என்ன செய்வது? மறைக்கலாம், எச்சரிக்கை போடலாம், ஆனால் அழிக்காதீர்கள் என்பது என் கருத்து. விதிவிலக்குகள் உண்டு, அவையும் கீழே வருகின்றன.

கேள்வி: இரண்டு வருடம் முன்னால் என்பிஎம்மில் (ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளைப் பகிரும் தளம்) ஒரு சின்ன பேக்கேஜ் போட்டேன். இப்போது 3.0 வந்துவிட்டது. 1.x கோடைப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. எடுத்துவிடலாம் என்றால் என்பிஎம் விடமாட்டேன் என்கிறது. வழி உண்டா?

விடாததற்குக் காரணம் இருக்கிறது. 2016 மார்ச் 22 அன்று அசர் கோச்சுலு என்ற டெவலப்பர், பெயர்த் தகராறு ஒன்றில் தன் பேக்கேஜின் பெயரை என்பிஎம் வேறொரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டதில் கோபப்பட்டு, தன்னுடைய 273 பேக்கேஜ்களையும் மொத்தமாக எடுத்துவிட்டார். அதில் ஒன்று லெஃப்ட்பேட். மொத்தம் 11 வரி. ஒரு எழுத்துத் தொடரின் இடப்பக்கம் வெற்றிடமோ பூஜ்யமோ சேர்த்து நீளத்தைச் சரிசெய்யும், அவ்வளவுதான் வேலை. ஆனால் பேபல் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவிக்கு உள்ளே எங்கேயோ ஆழத்தில் அது இருந்தது, பேபலை நம்பி எத்தனையோ ப்ராஜெக்டுகள் இருந்தன, உலகம் முழுக்க பில்ட் (கோடிலிருந்து புரோகிராமை உருவாக்கும் வேலை) வரிசையாக விழ ஆரம்பித்தது. சில நிமிடங்களில் இன்னொருவர் அதே பெயரில் அதே வேலையைச் செய்யும் கோடை 1.0.0 என்று ஏற்றினார். அப்போதும் பிரச்சினை தீரவில்லை, ஏனென்றால் பல பேக்கேஜ்கள் கேட்டுக்கொண்டிருந்தது 0.0.3ஐ. கடைசியில் என்பிஎம்மே பேக்கப்பிலிருந்து அந்த 0.0.3ஐ எடுத்துத் திரும்ப வைத்தது, எல்லாம் சேர்ந்து சுமார் இரண்டரை மணி நேரம்.

உங்கள் 3.0 எவ்வளவு அழகாக இருந்தாலும் 1.x வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்கிறவருக்கு அது பயன்படாது, அதைத்தான் இந்தச் சம்பவத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போதுள்ள விதி இது: வெளியிட்ட 72 மணி நேரத்துக்குள், வேறு எந்தப் பேக்கேஜும் உங்களுடையதை நம்பியில்லை என்றால், எடுத்துவிடலாம். அதற்குப் பிறகு என்றால் யாரும் அதை நம்பியிருக்கக் கூடாது, கடந்த வாரத்தில் 300க்கும் குறைவான டவுன்லோட்தான் இருந்திருக்க வேண்டும், உரிமையாளர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும், இந்த மூன்றும் சேர வேண்டும். எடுத்தாலும் அதே வெர்ஷன் எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது. (2023 கடைசியில் 'எவ்ரிதிங்' என்று ஒரு பேக்கேஜ், என்பிஎம்மில் உள்ள எல்லாவற்றையும் நம்புவதாக அறிவித்துக்கொண்டு வந்தது. அதனால் எத்தனையோ பேர் தங்கள் பேக்கேஜை எடுக்க முடியாமல் சிக்கிக்கொண்டார்கள், நிர்வாகம் தலையிட வேண்டியதாகிவிட்டது.)

நீங்கள் செய்ய வேண்டியது டெப்ரிகேட், அதாவது 'இதை இனிப் பயன்படுத்தாதீர்கள்' என்று எச்சரிக்கைக் குறி போடுவது. 1.x முழுவதையும் ஒரே கட்டளையில் குறிக்கலாம், இன்ஸ்டால் செய்கிறவருக்கு உங்கள் செய்தி திரையில் தெரியும். அந்தச் செய்தியில் 'இது பழையது' என்று மட்டும் எழுதாதீர்கள், எந்த வெர்ஷனுக்குப் போக வேண்டும், மாறும்போது எது உடையும் என்று எழுதுங்கள். கூச்சத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன், அந்தக் கோடு யாரோ ஒருவருக்கு இன்றும் வேலை செய்துகொண்டிருக்கிறது, அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

கேள்வி: பாதுகாப்பு ஓட்டை உள்ள வெர்ஷன் என்றால்? அதையாவது அழிப்பதுதானே நியாயம்?

நியாயமாகத்தான் தோன்றும், ஆனால் லாக்4ஜே (ஜாவா புரோகிராமில் நடப்பதைப் பதிவுசெய்யும் லைப்ரரி) விஷயத்தை நினைத்துப் பாருங்கள். 2021 டிசம்பரில் அந்த ஓட்டை வெளியானபோது அவ்வளவு பெரிய ஆபத்து, அப்படியும் ஜாவா லைப்ரரிகளின் தளமான மேவன் சென்ட்ரலில் இருந்து ஓட்டை உள்ள 2.14.1ஐ யாரும் எடுக்கவில்லை. அங்கே ஒரு முறை ஏறினால் மாற்றவும் முடியாது, எடுக்கவும் முடியாது என்பது கொள்கை. பழைய வெர்ஷனை எடுத்திருந்தால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த சர்வர்களில் அந்த லைப்ரரியின் ஜார் ஃபைல் அப்படியேதான் இருந்திருக்கும், ஆபத்து குறைந்திருக்காது. சரிசெய்ய உட்கார்ந்தவருக்குத்தான் பில்ட் ஓடாமல் இன்னும் ஒரு தலைவலி சேர்ந்திருக்கும்.

இதற்காகவே வந்த நடுவழிதான் யாங்க், அதாவது ஃபைலை அழிக்காமல் அந்த வெர்ஷனை விலக்கி வைப்பது. பைதானில் பெப் 592 என்ற வரைமுறை மூலம் வந்தது. பைதான் பேக்கேஜ்களின் தளமான பைபிஐயில் ஒரு வெர்ஷனை யாங்க் செய்தால், அவற்றை இன்ஸ்டால் செய்யும் கருவியான பிப் தானாக அதைத் தேர்ந்தெடுக்காது; ஆனால் == போட்டுக் குறிப்பாக அதையே கேட்டால் எச்சரிக்கையுடன் கொடுத்துவிடும். ரஸ்ட் மொழியின் பேக்கேஜ் கருவியான கார்கோவும் அப்படித்தான், லாக் ஃபைலில் (எந்த வெர்ஷன் வேண்டும் என்று குறித்து வைக்கும் ஃபைல்) ஏற்கெனவே இருக்கிறவர்களுக்குக் கிடைக்கும், புதிதாக வருகிறவர்களுக்குக் கிடைக்காது. கோ மொழியில் 1.16இலிருந்து ரிட்ராக்ட் இருக்கிறது, டாட்நெட்டின் நியூகெட்டில் அன்லிஸ்ட். ஆனால் ரூபி மொழியின் ரூபிஜெம்ஸில் கவனம் தேவை, அங்கே யாங்க் செய்தால் இன்ஸ்டாலே ஆகாது.

இன்னொரு விஷயம், முடிந்தால் பழைய வரிசைக்கும் ஒரு திருத்தம் விடுங்கள். 1.4.2இல் ஓட்டை என்றால் 1.4.3. 'எல்லோரும் 3.0க்கு மாறுங்கள்' என்று சொல்வது சுலபம், ஒரு பாதுகாப்புத் திருத்தத்துக்காக ஒரு மாதம் கோடை மாற்றி எழுத எல்லோராலும் முடியாது.

கேள்வி: ஏபிஐ கீயோடு (ஒரு சேவையைப் பயன்படுத்த உதவும் ரகசியச் சாவி) சேர்த்துத் தெரியாமல் வெளியிட்டுவிட்டேன். இப்போதாவது டெலீட் செய்யலாமா?

செய்யுங்கள், இது விதிவிலக்கு. ஆனால் அதற்கு முன்னால் அந்தக் கீயை ரத்து செய்துவிட்டு வேறு எடுங்கள். வெளியான கணத்திலேயே மிரர்களும் (தளத்தின் நகல்களும்) புதிய பேக்கேஜ்களை ஸ்கேன் செய்கிறவர்களும் எடுத்திருப்பார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டெலீட் செய்ததால் கீ பாதுகாப்பாகிவிட்டது என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கப் போவதுதான் இதில் பெரிய ஆபத்து.

கேள்வி: எங்களிடம் லாக் ஃபைல் பக்காவாக இருக்கிறது. அப்படியும் ஒரு நாள் காலையில் ஒரு ஜெம் (ரூபி மொழியின் பேக்கேஜ்) கிடைக்கவில்லை என்று பில்ட் நின்றுவிட்டது. லாக் ஃபைல் எதற்குத்தான் இருக்கிறது?

லாக் ஃபைலில் இருப்பது பெயர், எண், பல சமயம் ஒரு ஹாஷ் (வந்தது அதே ஃபைல்தானா என்று சரிபார்க்கும் குறி). பொருள் அதில் இல்லை, ரேஷன் கார்டு கையில் இருப்பதால் அரிசி வீட்டுக்கு வந்துவிட்டதாக ஆகாது.

இது பெரிய ப்ராஜெக்டுகளுக்கே நடந்திருக்கிறது. 2021 மார்ச்சில் மைம்மேஜிக் என்ற ஜெம்முக்குள் ஜிபிஎல் உரிமத்தில் உள்ள ஒரு தரவு ஃபைல் இருப்பது தெரியவந்தது, ஜெம்மோ நிபந்தனை குறைந்த எம்ஐடி உரிமத்தில் வெளியாகியிருந்தது. அதை எழுதியவர் பழைய வெர்ஷன்களை யாங்க் செய்துவிட்டார். ரூபியில் வலைத்தளம் கட்டப் பயன்படும் ரெயில்ஸ் அதை நம்பியிருந்ததால், புதிதாக பண்டில் இன்ஸ்டால் (ஜெம்களை இறக்கும் கட்டளை) செய்த ரெயில்ஸ் ஆப்கள் எல்லாம் நின்றன. 2022 ஜூலையில் பைபிஐயில் அடாமிக்ரைட்ஸ் என்ற பேக்கேஜ். முக்கியமான பேக்கேஜ்களுக்கு இருபடிச் சரிபார்ப்பு கட்டாயம் என்று அறிவிப்பு வந்ததும், அதை எழுதியவர் டெலீட் செய்துவிட்டு மறுபடி ஏற்றிப் பார்த்தார், பழைய வெர்ஷன்கள் போய்விட்டன, பைபிஐ ஆட்கள்தான் மீட்டுக் கொடுத்தார்கள். இருவருக்கும் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அதனால் உங்கள் பக்கத்தில் ஒரு பிரதி வேண்டும். நடுவில் ஒரு ப்ராக்ஸி ரெஜிஸ்ட்ரி (பொதுத் தளத்திலிருந்து இறக்கியதைச் சேமித்து வைக்கும் உங்கள் சர்வர்) வையுங்கள், நெக்ஸஸோ ஆர்டிஃபேக்டரியோ, என்பிஎம்முக்கு மட்டும் என்றால் வெர்டாச்சியோ, பைதானுக்கு டெவ்பிஐ. ஒரு முறை இறங்கியது அங்கே தங்கிவிடும். சின்ன டீம் என்றால் ப்ராக்ஸிகூட வேண்டாம், ரூபியின் பண்ட்லர் கருவியிலேயே ஜெம்களை வெண்டார் ஃபோல்டரில் சேமித்து ரெப்போவோடு (உங்கள் கோடு இருக்கும் களஞ்சியம்) வைத்துக்கொள்ளலாம். சிஐ கேஷை (தானியங்கி பில்ட் சர்வரின் தற்காலிகச் சேமிப்பு) மட்டும் நம்பாதீர்கள், அது எப்போது காலியாகும் என்பது உங்கள் கையில் இல்லை.

கேள்வி: விண்டோஸில் கன்ட்ரோல் பேனலைத் திறந்தால் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்று பத்துப் பன்னிரண்டு இருக்கிறது. புதியதை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கலாமா?

வேண்டாம். விஷுவல் சி++இல் எழுதிய புரோகிராம்கள் ஓடத் தேவையான லைப்ரரிகள் இவை. 2008, 2010, 2012, 2013 ஒவ்வொன்றும் தனித்தனி, ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. 2015இலிருந்து வந்தவைதான் ஒரே தொகுப்பு. 64 பிட் மெஷினாக இருந்தாலும் 32 பிட் புரோகிராம்களுக்கு எக்ஸ்86 (32 பிட்) வகை வேண்டும். ஏற்கெனவே நீக்கிவிட்டு ஏதாவது புரோகிராம் எம்எஸ்விசிஆர்120.டிஎல்எல் இல்லை என்று கத்தினால் 2013ஐத் திரும்பப் போடுங்கள், எம்எஸ்விசிபி100 என்றால் 2010. டிஎல்எல்லைக் கண்ட தளத்திலிருந்து தனியாக இறக்காதீர்கள், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து முழுத் தொகுப்பாகவே எடுங்கள்.

கேள்வி: கம்பெனிக்குள் பல டீம்கள் பயன்படுத்தும் லைப்ரரி எங்களுடையது. 2.x வரிசையை நிறுத்தியே ஆக வேண்டும். சண்டை வராமல் எப்படிச் செய்வது?

முதலில் யார் பயன்படுத்துகிறார்கள் என்று தெரிய வேண்டும். ரெஜிஸ்ட்ரியின் டவுன்லோட் பதிவு உதவும், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது: கேஷிலிருந்து எடுக்கிறவர்கள் அதில் தெரிய மாட்டார்கள், நிதியாண்டு முடிவில் மட்டும் பில்ட் ஆகும் ஒரு ரிப்போர்ட் ஜாப் மூன்று மாதப் பதிவில் இருக்காது. அதனால் எல்லா ரெப்போக்களிலும் லாக் ஃபைல்களைத் தேடுங்கள். நேரடியாக நம்புகிறவர்களைவிட, இன்னொரு லைப்ரரி வழியாகத் தெரியாமலே நம்புகிறவர்கள்தான் கடைசியில் வந்து நிற்பார்கள்.

அப்புறம் தேதி சொல்லுங்கள். நம்பை என்ற பைதான் கணித லைப்ரரி நல்ல உதாரணம். என்பி.இன்ட், என்பி.ஃப்ளோட் போன்ற பெயர்களுக்கு 2021 ஜனவரியில் வந்த 1.20இல் எச்சரிக்கை போட ஆரம்பித்தார்கள், எடுத்தது 2022 டிசம்பரில், 1.24இல். கிட்டத்தட்ட இரண்டு வருட அவகாசம் கொடுத்தும் பல பேருடைய கோடு உடைந்தது, ஏனென்றால் எச்சரிக்கையை எல்லோரும் படிப்பதில்லை.

அந்தப் படிக்காதவர்களுக்காகத்தான் ஒத்திகை நிறுத்தம். கடைசித் தேதிக்குச் சில வாரம் முன்னால், வேலை நேரத்தில், முன்கூட்டியே அறிவித்து, சில மணி நேரம் மட்டும் 2.xஐ நிறுத்திவிட்டுத் திரும்பக் கொடுங்கள். கோடைப் பகிரும் தளமான கிட்ஹப், 2021 ஆகஸ்ட் 13 அன்று கிட் (கோடின் வெர்ஷன்களைக் கையாளும் கருவி) வழியாக நுழையப் பாஸ்வேர்டை நிறுத்துவதற்கு முன்னால் இதைத்தான் செய்தது. மெயிலைப் படிக்காதவர் அன்று தானாக வந்து உங்கள் சாட்டில் நிற்பார். கோபமாகத்தான் வருவார், பொறுமையாகப் பேசுங்கள்.

எல்லோரும் மாறிய பிறகும் ஃபைல்களை அழிக்காதீர்கள், தனி ஆர்கைவுக்கு நகர்த்துங்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் புதிய ரிலீஸ் சொதப்பி, பழைய ரிலீஸுக்குத் திரும்ப வேண்டும் என்று ஒருவர் பில்டை ஓட்டும்போது அவருக்கு 2.x தேவைப்படும்.

கேள்வி: எனக்கு இனி நேரமில்லை. லைப்ரரியையே விட்டுவிடுகிறேன். பைபிஐயிலிருந்து முழுதாக எடுத்துவிட்டுப் போகட்டுமா?

எடுக்காதீர்கள். பைபிஐயில் ப்ராஜெக்டை முழுதாக டெலீட் செய்தால் அந்தப் பெயர் திறந்துகிடக்கும், யார் வேண்டுமானாலும் அதே பெயரில் எதையாவது ஏற்றலாம், உங்களை நம்பி அப்கிரேட் செய்கிறவர் கையில் அது போய்ச் சேரும். யாராவது முன்பின் தெரியாதவர் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று வந்தாலும் அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். 2018இல் ஈவன்ட்ஸ்ட்ரீம் என்ற என்பிஎம் பேக்கேஜ் அப்படிக் கை மாறித்தான், பிட்காயின் வாலட்டைக் குறிவைத்த கெட்ட கோடு அதன் வழியாக உள்ளே வந்தது.

கடைசியாக ஒரு ரிலீஸ் விடுங்கள், இனி பராமரிப்பு இல்லை என்று ரீட்மீயில் முதல் வரியிலேயே எழுதுங்கள், மாற்று லைப்ரரி தெரிந்தால் பெயர் சொல்லுங்கள், ரெப்போவை ஆர்கைவ் செய்யுங்கள். அப்புறம் உங்கள் பைபிஐ கணக்கில் உள்ள ஈமெயிலைப் பாருங்கள். சொந்த டொமைனில் இருந்தால், அந்த டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுவீர்கள் என்றால், இப்போதே வேறு ஈமெயிலுக்கு மாற்றிவிடுங்கள். 2022 மே மாதம் சிடிஎக்ஸ் என்ற பேக்கேஜ் பறிபோனது அந்த வழியில்தான்: எழுதியவரின் டொமைன் காலாவதியாகி, வேறொருவர் அதை வாங்கி, பாஸ்வேர்ட் ரீசெட் மெயிலைத் தன் பெட்டிக்கு வரவைத்துக்கொண்டார்.